பின்வரிசைக்காரரும் என் கையெழுத்தும்

சார்,

முந்தாநாள் குளிர் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்து உதறினேன். உள்பையில் ஒரு தாள், நான்காக மடித்தது. விரித்துப் பார்த்தால் உங்கள் கை. மையில் விழுந்த எறும்பு எழுந்து நடந்த மாதிரி கோடும் கொக்கியும் புள்ளியும். சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் வாய் ஒரு பக்கம் பேசும், விரல் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இருக்கும். அப்படி எழுதிய ஒரு தாள் எப்படியோ என் கோட்டுக்குள் வந்திருக்கிறது.

மருமகளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன பாஷை மாமா? எனக்குப் படிக்க வரலையே."

சாயங்காலம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி மகன் வந்தான். இரண்டு பட்டம் வாங்கியவன். தாளைத் தலைகீழாகப் பிடித்தான், வெளிச்சத்தில் காட்டினான், "தெரியலப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்த வீட்டில் எல்லோரையும் என்னைப் போல ஆக்கிவிட்ட ஒரே தாள் அதுதான். எனக்கு எல்லாத் தாளும் அப்படித்தான் தெரியும் சார். எனக்குப் படிக்கத் தெரியாது.

இந்த ஒரு வரியை உங்களிடம் சொல்லாமலே விட்டேன். அதனால் நடந்தது ஒரு தப்பு. அந்தத் தப்பை நான் தெரிந்தே செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களா, இல்லை உண்மை உங்களுக்கு முன்னமே தெரியுமா? இதுதான் இப்போது எனக்குத் தெரிய வேண்டியது. கேட்க ஆள் இல்லை.

வருகிற புதன்கிழமை நம் மூத்தோர் வட்டத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். ஆளுக்கு நாலு வார்த்தை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே வருகிறாள். நடுவில் என் வாய் நுழைந்துவிட்டால் அதை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் இந்தப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு நான் வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அபார்ட்மெண்ட் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பெஞ்சில் ஒரு மனிதர் ஃபோனைப் பார்த்துத் தமிழ்ச் செய்தியை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். வாத்துகளுக்குக் கேட்கிற மாதிரி. நான் நின்றுவிட்டேன். நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்து, ஃபோனை என் பக்கம் நீட்டினீர்கள்.

"நீங்களே பாருங்களேன்."

நான் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தேன். "கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டனுங்க சார். நீங்களே வாசிங்க."

என்னிடம் கண்ணாடியே கிடையாது. முப்பத்தெட்டு வருடம் திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டியவன் நான். புழுதியில் இருந்தும் கண் கெடவில்லை. எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை மாறியது, எத்தனை அடியில் தண்ணீர் எழும்பியது என்று இன்றைக்கும் சொல்வேன். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மறக்க வசதி இல்லை.

அடுத்த நாளும் கண்ணாடியை மறந்தேன். அதற்கடுத்த நாளும். ஆறு வருடம் தினமும் கண்ணாடியை மறந்த ஆளை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா சார்? அதே வாயால், "அந்தக் கரையில நிக்கிற வாத்துக்குக் கால்ல வளையம் மாட்டியிருக்குது பாருங்க" என்றும் சொல்வேன். நீங்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பீர்கள். "எனக்கு வாத்தே சரியாத் தெரியலை" என்பீர்கள். ஒருநாளும் மேற்கொண்டு கேட்டதில்லை.

ஜெர்மன்காரர் நம்மிடம் வந்து சேர்ந்தது ஓர் இலையுதிர்காலக் காலையில். நீங்கள் செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டீர்கள்.

"திருச்செங்கோட்டாரே, இதைக் கேளுங்க. ஜெர்மனியில ஒரு எம்.பி. தன் கட்சியை விட்டு வெளியே வந்துட்டாராம். கட்சி போற போக்கு புடிக்கலையாம். இனிமே சுயேச்சையா உட்காரப் போறாராம்."

"அப்ப எம்.பி. பதவி போயிருச்சுங்களா?"

"அதான் போகலை!"

"அதெப்படீங்க சார்? நம்மூர்ல கட்சிய விட்டா சீட்டும் கூடவே போயிருமே."

"நம்ம சட்டம் அப்படி. அங்கே சீட்டு ஆளோடது. கட்சியோடது இல்லை."

நான் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கேட்டேன். "அவரு எங்கீங்க சார் உட்காருவாரு? பழைய ஆளுங்க நடுவுலயேவா? இல்ல நாற்காலியத் தூக்கி வேற பக்கம் போட்டுருவாங்களா?"

நீங்கள் சிரிக்கவில்லை. சட்டமன்றத்தில் யார் எந்த நாற்காலியில் என்று பார்த்துப் பார்த்துப் பென்சில் சீவியவர் நீங்கள். "நல்ல கேள்வி. தெரியலை. பார்த்துட்டு வரேன்" என்றீர்கள். மறுநாள் பாடம் படித்த பிள்ளை மாதிரி வந்தீர்கள். கடைசி வரிசையாம். கமிட்டியில் உட்காரலாமாம், பேசலாமாம், ஆனால் அங்கே ஓட்டுக்குக் கை தூக்க முடியாதாம். சபையில் பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்குமாம்.

அவர் பெயரை நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொன்னீர்கள். எது சரி என்று இரண்டு பேருக்கும் தெரியாததால் அவர் நமக்குப் பின்வரிசைக்காரர் ஆனார். "பின்வரிசைக்காரர் என்ன பண்றாருங்க?" என்பதுதான் என் காலை வணக்கம். செய்தி இருந்தால் வாசிப்பீர்கள். இல்லையென்றால் நானே கேள்வி வைத்திருப்பேன். மத்தியானம் யாரோடு சாப்பிடுவார்? நடையில் பழைய கட்சிக்காரர் எதிரே வந்தால் கும்பிடுவாரா, செருப்பைப் பார்த்துக்கொண்டு போவாரா?

"அதெல்லாம் பேப்பர்ல போட மாட்டாங்கய்யா."

"போடணுமுங்க சார். அதுதானுங்களே விசயம்."

ஒருநாள் நீங்கள் கட்சிக்காகவும் பேசிப் பார்த்தீர்கள். கட்சிதான் அவரை நிறுத்தியது, கட்சிக்குத்தான் சனங்கள் ஓட்டுப் போட்டார்கள், அப்படியிருக்க அவர் நாற்காலியோடு நடந்து போனால் ஏமாற்று இல்லையா என்றீர்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொன்னேன்.

"எங்க வண்டிதானுங்க சார் போர் போடுது. தண்ணி வந்துருச்சு. அதுக்காகத் தண்ணி எங்க வண்டிக்குச் சொந்தமாயிருமுங்களா? அது அந்த நெலம் வச்சிருக்கற காட்டுக்காரனுது. குடிக்க வந்த சனத்துது."

நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். விரல் கோடு கோடாக எதையோ எழுதிக்கொண்டது. என் பேச்சை ஒருவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே இன்னொன்றும் கேட்டேன். ஜெர்மனியில் ஓட்டுச் சீட்டில் சின்னம் உண்டா என்று. இல்லை, பேர்தான், கட்சிப் பேரும் ஆள் பேரும் எழுத்தில்தான் இருக்கும் என்றீர்கள். அந்த ஊரில் பிறந்திருந்தால் நான் எதைப் பார்த்துக் குத்தியிருப்பேன்? கேட்கவில்லை. ஆனால் நீங்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டே, "அங்கேயும் படிக்கத் தெரியாதவங்க இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு வழி வெச்சிருப்பாங்க" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

பின்வரிசைக்காரரைப் பார்த்துப் பழகித்தான் நீங்கள் அப்படிச் செய்தீர்களா என்று வட்டத்தில் சிலர் கேலி பேசினார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நம் வட்டத்தின் கமிட்டித் தேர்தலில் இரண்டு டீம் நிற்கும். நீங்கள் தலைவர் டீமில் நின்று ஜெயித்தவர். அந்தக் குளிர்காலத்தில் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து போகிற அப்பா அம்மாக்கள் இனி விருந்தாளிகள். வரலாம், சாப்பிடலாம். வட்டத்தின் முடிவுகளில் கை தூக்கக் கூடாது. கோயில் வேனில் கிரீன் கார்டுக்காரர்கள் ஏறியபின் இடமிருந்தால் ஏறலாம்.

நீங்கள் டீமை விட்டு வெளியே வந்தீர்கள். கமிட்டியை விடவில்லை. வட்டம் கூடும் நூலகத்து அறையில், எல்லார் முன்னாலும் தலைவர் கேட்டார்.

"சார், எங்க டீம் ஓட்டுல வந்த சீட்டு அது. மரியாதையா ரிசைன் பண்ணிடுங்க."

"டீமை விட்டுட்டேன். சீட்டை விடலை. ஜெர்மனியில ஒருத்தர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கார்."

"இது ஜெர்மனி இல்ல சார், நியூ ஜெர்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நீங்கள் காத்திருந்துவிட்டுச் சொன்னீர்கள், "போர் போட்டது உங்க வண்டிதான். அதுக்காகத் தண்ணி உங்களுது ஆயிடாது. இது என் சரக்கு இல்லை. திருச்செங்கோட்டார் சொன்னது."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் வாழ்நாளில் என் பேச்சை ஒரு சபையில் எடுத்துக் காட்டியது நீங்கள் ஒருவர்தான். கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது.

தலைவரும் லேசுப்பட்டவர் இல்லை. "அப்படின்னா இந்தப் போருக்கு மூடி போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

மூடி போடுவதற்கு ஒரு வழி வட்டத்தின் சட்டத்திலேயே இருந்தது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டால் கமிட்டி ஆளை எடுக்கலாம்.

எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பாஸ்போர்ட்டுக்காக மகன் பழக்கிவிட்டது. அதை எழுத்து என்று சொல்லக் கூடாது. கோலம் மாதிரி ஒரு படம். புதன்கிழமைதோறும் செயலாளர் அம்மா கிளிப் வைத்த அட்டையைச் சுற்றில் விடுவார். பிரிட்ஜ்வாட்டர் கோயில் வேனில் வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருப்பவர் போட்ட இடத்துக்குக் கீழே நான் என் படத்தைப் போட்டுவிடுவேன். ஐந்து வருடமாக அப்படித்தான்.

அடுத்த புதன்கிழமை பல் வலிக்கு மருந்து போட்டுக்கொண்டு நான் அரை மணி தாமதமாக வந்தேன். நீங்கள் அன்று வரவில்லை, உங்கள் வீட்டில் யாருக்கோ காய்ச்சல். அட்டை என் கைக்கு வந்தது. மேலே ஒரு கையெழுத்து இருந்தது. கீழே நான் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னோர் அட்டை வந்தது. "நான் அப்பவே போட்டுட்டனுங்க" என்று தள்ளிவிட்டேன். அன்றைக்கு இரண்டு தாள் சுற்றில் வருகிறது என்று, நான் வருவதற்கு முன்பே சொல்லி முடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பார்க்கிங்கில் வேன் நின்றது. செயலாளர் அம்மா கையில் பட்டியல்.

"அண்ணா, உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே."

"புதன்கிழமை கையெழுத்துப் போட்டனுங்களே அம்மா."

"அது வேற தாள்ணா. சாரைக் கமிட்டியிலேருந்து எடுக்கறதுக்கு. நீங்க ரெண்டாவது ஆளாப் போட்டிருக்கீங்க. நீங்களும் அவரும் அவ்வளவு சிநேகிதமாச்சேன்னு நாங்களே ஆச்சரியப்பட்டோம்."

என் காலுக்குக் கீழே நிலம் இறங்கின மாதிரி ஆனது. துளை போடும்போது சில இடத்தில் அப்படி ஆகும், அடியில் பொந்து இருந்தால்.

"அதுலருந்து என் பேர எடுத்துருங்கம்மா."

"ஏன்ணா? படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

அந்த அம்மா குத்தலாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். வேன் ஜன்னல் எல்லாவற்றிலும் முகம். பேங்க் மேனேஜராக இருந்தவர், டாக்டர் பெண்ணின் அம்மா, கணக்கு வாத்தியாராக இருந்தவர். அத்தனை பேரும் என்னைத் தங்களில் ஒருவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முகங்கள்.

"ஆமாங்க" என்றேன். "படிச்சுத்தான் போட்டேன்."

கையெழுத்து தெரியாமல் நடந்த தப்பு. அதை நான் பெரிசாகச் சொல்லவில்லை. இந்த மூன்று வார்த்தைதான் சார் நான் உங்களுக்குச் செய்தது.

"அப்புறம் என்னண்ணா, விடுங்க. ஒரு சீட் இருக்கு, ஏறுங்க" என்றார் அந்த அம்மா. தலைவர் முன் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க வாங்க. நியாயம் தெரிஞ்சவங்க முன்னாடி உட்காரணும்." நான் உட்கார்ந்தேன். விசிட்டர் விசாவில் வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் இடமில்லாமல் பார்க்கிங்கிலேயே நின்று எங்களுக்குக் கை காட்டினார்கள். கோயில் கேண்டீனில் புளியோதரை வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. பல் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று காலை நீங்களும் நானும் அதே பெஞ்சில் இருந்தோம். பெயர்களை அடுத்த கூட்டத்தில்தான் வாசிப்பார்கள், அதனால் உங்களுக்கு இன்னும் தெரியாது. சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன், ஒரு கிழவி வாத்துக்கு ரொட்டி போட வந்தாள். திங்கட்கிழமை நீங்களே, "எத்தனை பேர் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். "தெரியலைங்க சார்" என்றேன். செவ்வாய்க்கிழமை பின்வரிசைக்காரர் ஏதோ பேசியிருக்கிறார் என்று வாசித்தீர்கள். அவர் பேசியபோது பழைய கட்சியிலிருந்து ஒரே ஒருவர் கை தட்டினாராம். "ஒருத்தர் தட்டினாலும் போதும்யா, பதிவாயிடும்" என்றீர்கள். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டேன். அது மாட்டித்தான் இருந்தது.

புதன்கிழமை தலைவர் பெயர்களை வாசித்தார். தேவைக்கு மேலேயே இருந்தது. என் ஒருவன் கையெழுத்தால் எதுவும் ஆகவில்லை, அது எனக்கு ஆறுதலும் இல்லை. முதலில் ஒரு பேர். இரண்டாவது என் பேர்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை எத்தனை தடவை எடுத்து வைத்துப் பார்த்திருப்பேன்! கோபம் இல்லை. ஆச்சரியம் முதலில் இருந்தது. அப்புறம் உங்கள் கண் என் முகத்திலிருந்து என் சட்டைப்பைக்கு இறங்கியது. கண்ணாடி இருக்கிறதா என்று நான் தட்டிப் பார்ப்பேனே, அந்தப் பை. அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு நீங்கள் எழுந்து, கடைசி வரிசையில் விசிட்டர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் காலை நான் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது. நீங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். நகர்ந்து இடம் விட்டீர்கள். ஃபோனை என் பக்கம் நீட்டவில்லை. "கேளுங்க" என்று வாசிக்க ஆரம்பித்தீர்கள். அன்று வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தீர்கள்.

தெரிந்துவிட்டது, அதனால்தான் மெதுவாக வாசித்தார் என்று ஒரு மனது சொல்கிறது. இல்லை, மனசு உடைந்தவன் அப்படித்தான் வாசிப்பான் என்று இன்னொரு மனது. நான் இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். ஹோட்டலுக்குப் போனால் மெனுவை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிப்பீர்களே, எனக்காகவா, இல்லை உங்கள் சுபாவமா? தெரிந்திருந்தால், "ஏன்யா, படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று திட்டியிருக்க மாட்டீர்களா? திட்டினால் நான் கூனிப்போவேன் என்று விட்டீர்களா? பின்வரிசைக்காரரைப் பற்றி அத்தனை கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பாருங்கள்.

வசந்தம் வந்ததும் உங்கள் மகள் உங்களைக் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே காலை ஏழு மணி, இங்கே பத்து. ஞாயிற்றுக்கிழமையானால் ஃபோன் வரும். "இங்கே குளம் இல்லை, ஆபீஸ் கட்டடமாத்தான் இருக்கு" என்பீர்கள். உடனே வாசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நேரில் இருக்கும்போதாவது கண்ணாடி சாக்கு. ஃபோனில் எனக்கு எதற்கு வாசிக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

கடைசி ஃபோனில் துணிந்து ஆரம்பித்தேன். "சார், அந்தக் கையெழுத்து..."

"எந்தக் கையெழுத்து? அதை விடுங்க. நம்ம ஆளைப் பத்தி ஒண்ணு கிடைச்சிருக்கு, கேளுங்க."

விட்டுவிட்டேன். விடச் சொன்னால் விட்டுவிடுகிறவன் நான். நீங்கள் வாசித்ததும் என் காதில் ஏறவில்லை. எனக்கு மறந்துபோன ஒரே செய்தி அதுதான்.

போன பங்குனியில் ஒருநாள் வட்டத்தின் வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் அது தெரியும். யாருக்கு என்று மட்டும் தெரியவில்லை. மருமகள் ஆபீஸ் ஃபோனை வைக்கும்வரை, யார் யார் என்று ஒவ்வொருவராக மனதில் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களை எண்ணவில்லை சார். உங்களுக்கு வராது என்று இருந்தேன்.

முந்தாநாள் அந்தத் தாளைப் பார்த்தபின், பின்வரிசைக்காரர் என்ன ஆனார் என்று தேடச் சொன்னேன். மருமகள் "பேர் என்ன மாமா?" என்றாள். நீங்கள் சொன்ன நாலு விதத்தையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே தேடினாள். "ஒருத்தர் இல்ல மாமா. இப்படிக் கட்சிய விட்டுட்டு உட்கார்ந்தவங்க அங்க நிறையப் பேர் இருக்காங்க. இதுல உங்காளு யாரு?" என்றாள். எனக்குப் பெரிய ஆச்சரியம். அவர் ஒருவர்தான் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் எவ்வளவு கவலைப்பட்டோம்! பக்கத்தில் ஆள் இருந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் துணை கிடைத்திருக்கும். இதை உங்களிடம் சொல்ல முடியாமல் போனது எனக்குப் பெரிய குறை.

இந்த இடத்தில் மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இதை எல்லார் முன்னாடியும் படிக்கணுமா? இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாது. வேணும்னா சார் நல்லவர்னு மட்டும் நாலு வரி எழுதித் தரேன்."

"படிம்மா. நீ படி, நான் பக்கத்துல நிக்கறேன்."

ஆகவே, புதன்கிழமை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் செயலாளர் அம்மாவுக்கு: அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கும். அதில் இரண்டாவது கையெழுத்தை அடித்துவிடுங்கள். அன்று நான் படித்துப் போடவில்லை. படித்தேன் என்று சொன்னது பொய். தலைவருக்கு: முன் சீட்டுக்கு நான் தகுந்தவன் இல்லை. விசிட்டர்கள் கை தூக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுங்கள். எடுக்காவிட்டால் நான் அவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, உறுப்பினர் பதவியை விடமாட்டேன்.

சார், நீங்கள் தெரிந்துகொண்டே எனக்கு வாசித்தீர்களா என்கிற கேள்வி என்னிடமே இருக்கும். அதற்கு இனிப் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் அது என்னிடம் இருக்கட்டும். காலையில் குளத்தைச் சுற்றும்போது அதுதான் இப்போது எனக்குப் பேச்சுத் துணை.

நேற்று ஃப்ளூ ஊசி போட மருந்துக் கடைக்குப் போயிருந்தோம். மருமகள் காரை நிறுத்தப் போயிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, கீழே ஒரு கோட்டைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தாள். வழக்கமாக அந்த இடத்தில் என் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். நேற்று பேனாவை வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் வடக்கத்திப் பெண். போர் வண்டியில் கற்றுக்கொண்ட ஹிந்தியில், "எனக்குப் படிக்கத் தெரியாது தாயி, நீயே வாசிச்சுச் சொல்லு" என்றேன். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். காய்ச்சல் உண்டா, முட்டை ஒத்துக்கொள்ளுமா, முன்னே ஊசி போட்டு மயக்கம் வந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மருமகள் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் பேனாவை எடுத்தேன். எழுபத்தெட்டு வயதில், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நான் போட்ட முதல் கையெழுத்து அது, சார்.